வாழைப்பழத் தோலைத் தின்ற டீச்சர்

முதல் நாளே அந்த டீச்சர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு என் மகளுக்கு வணக்கம் வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன்.

விழுப்புரத்தில் ஒரு மாடி அறை அது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே பேச்சுப் பயிற்சி. கிளியனூரிலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து, இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக அந்தப் படிக்கட்டை ஏறியிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் அனுப்பியிருந்தார். உள்ளே போனால், என்னைவிடச் சின்ன வயசுப் பெண் ஒருத்தர் இரண்டு கையிலும் செருப்போடு நிற்கிறார். அடுத்ததாகக் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு கடி கடித்து, உப்பு போதவில்லை என்பது போல நாக்கைச் சப்புக்கொட்டினார். யாழினிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். பேசத் தெரிந்திருந்தால், 'இது யார், இங்கே எதற்கு வந்தோம்?' என்று கேட்டிருப்பாள். எனக்கும் அதேதான் தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"ஏங்க, டீச்சரு எப்ப வருவாங்க?"

"நான்தான்க்கா டீச்சரு" என்றார், செருப்புக் கையாலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழினி பிறந்த வாரத்திலேயே உடம்பு மஞ்சளாகி, குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு, துவண்டு கிடந்தாள். புதுச்சேரிக்கு ஓடினோம். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுகிற சத்து இவளுக்குப் பிறவியிலேயே இல்லை என்றார்கள். பசும்பால், எருமைப்பால், பெற்றவள் பால், எதுவும் ஆகாது. மற்ற பிள்ளைகளுக்கு ஆகாரம், இவளுக்கு விஷம். காலக்டோசீமியா என்று அதற்குப் பெயர். யாருக்கோ எங்கேயோ வருகிற அபூர்வமான நோய். பேச்சு நன்றாக வருகிற எங்களாலேயே அந்தப் பெயரை ரொம்ப நாள் முழுசாகச் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் 'அந்த காலக்ட்டு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். பால்காரர். காலையும் மாலையும் ஊர்ப் பாலெல்லாம் எங்கள் வாசலில் அளந்து, கேனில் நிரம்பி, திண்டிவனத்துக்குப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஒரு சொட்டுப் பால் ஆகாது. சாமிக்கும் குசும்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் மாரில் பால் கட்டி வலித்த நாட்களில் அவள் டப்பாவில் வரும் சோயா மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. பேசினால் அழுகை வரும். அழுதால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது.

பாலை நிறுத்தியதும் பிள்ளை தேறிவிட்டாள். கேப்பைக் கஞ்சி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம் என்று தின்று நன்றாகவே வளர்ந்தாள். பேச்சுதான் வரவில்லை. பாலை நிறுத்தினாலும் இந்த நோயில் சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகும், படிப்பும் மெதுவாக வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். யாழினிக்கு எல்லாம் புரியும். வெல்லத்தை நான் எந்த டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைப்பேன் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வருவது 'ம்' மட்டும். வேண்டும் என்றாலும் 'ம்', வேண்டாம் என்றாலும் 'ம்'. "மூளைக்குத் தெரியுதும்மா, வாய்க்குத்தான் வழி தெரியல" என்றார் டாக்டர்.

அடுத்த ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மாவிடம் போய் முன்கூட்டியே எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க பாத்துக்குவோம். ஆனா இத்தினி பிள்ளைங்க வாயையும் யாரு பாத்துக்கினு நிக்க முடியும், சொல்லு? அதுவா வேணாம்னு சொல்லிட்டா நமக்கும் நிம்மதி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பிரியம் என்றால் பிள்ளை வாயில் எதையாவது திணிப்பதுதான். ஒலக்கூரில் இருக்கும் என் நாத்தனார், அபிஷேகப் பாலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, "சாமிக்கு ஊத்துன பாலுதான? அது இன்னா பண்ணிடும்?" என்று பிள்ளை வாயருகே கொண்டுபோனார். நான் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாக் கிண்ணத்தையும் தட்டிவிட நான் பள்ளிக்கூடத்து ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்க முடியுமா?

நான் இல்லாத இடத்தில், பாலை நீட்டுகிறவரிடம், அவளே வாய் திறந்து மறுக்க வேண்டும். அதைக் கற்றுக் கொடுங்கள் என்றுதான் அந்த மாடிப்படி ஏறினேன். அங்கே பென்சில் தின்கிறார்கள்.

"இன்னா டீச்சர் இது? எல்லாத்தையும் கோணலா பண்ணிக்கினு?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"நாம எல்லாத்தையும் சரியா பண்ணிட்டா அவ எதுக்குக்கா வாயத் தொறக்கணும்?" என்றார் அவர்.

இந்த ஒரு வரிதான் அவருடைய மொத்தப் பாடமும். மூடி திறக்காத பாட்டிலைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவார். கரண்டியால் தலை வாருவார். பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொன்னால் பொம்மையின் முழங்காலில் ஊட்டுவார். வேலை நேரத்தில்தான் இப்படி என்று நினைத்தால், படியிறங்கிப் போகும்போது கதவுக்கு டாட்டா காட்டிவிட்டு எங்களைப் பார்க்காமல் போவார். அப்படித் தப்புப் பண்ணும்போதெல்லாம் அவருக்கு இரண்டு புருவமும் மேலே ஏறி நிற்கும், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருக்கும். யாழினி அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க ரொம்ப நல்ல அம்மா. அதான் பேஜாரா இருக்குது."

"அப்டின்னா?"

"அவ கண்ணு கொழாய்ப் பக்கம் திரும்பறதுக்குள்ள நீங்க தண்ணிய மொண்டு வச்சிடுறீங்க. அவ எதுக்குக் கேப்பா? கொஞ்ச நாளைக்கு மக்கு மாதிரி இருங்கக்கா. வீட்ல எல்லாரும் தப்பு பண்ணுங்க."

என்னை மக்கு மாதிரி இருக்கச் சொன்ன ஆளை நான் அதுவரை சும்மா விட்டதில்லை. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும், "அது நீ எப்பவும் பண்றதுதான?" என்று ஒரு சிரிப்பு. அன்று அவருக்குச் சோறு கிடையாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வராத அந்த வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. பாலில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் முகம் சுளிக்கிற ஆள், யாழினிக்காகத் தலைகீழாக மாறிவிட்டார். அவள் கவுனுக்குள் தன் காலை விட்டுக்கொண்டு வீடெல்லாம் நொண்டினார். டிவிஎஸ்-50 வண்டியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "வண்டி ஏன் போவமாட்டுது?" என்று கேட்டார். பால் ஊற்ற வந்த ஜனங்களுக்கு நடுவே அளக்கிற படியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். பால்காரருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு. ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா மந்திரிக்கிற ஆளு ஒருத்தரு இருக்கிறாரும்மா, இட்டுக்கினு போ" என்றார்.

"அவருக்கு ஒன்னும் இல்லீங்க. பாப்பாவுக்குப் பேச்சு வர்றதுக்காகப் பண்றாரு" என்றேன்.

அவர் என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேருமா போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சருக்கு வீடு திண்டிவனத்தில். நாங்கள் போகும் நாட்களில் விழுப்புரம் பஸ்சில் அவரும் எங்களோடுதான் வருவார். பஸ்சிலாவது சும்மா இருப்பார் என்று நினைத்தது என் தப்பு.

"கண்டக்டர், கன்னியாகுமரி ஒன்னு" என்று கையை நீட்டினார்.

"இது விழுப்புரம் வண்டிம்மா."

"அண்ணே! நீங்களே சொல்லிட்டீங்களே? பாப்பா சொல்லணும்ணே!"

"ஏம்மா, காலங்காத்தால பேஜாரு பண்ணாத. ஜல்தி சொல்லு, எங்க எறங்கற?"

அப்படிச் சலித்துக்கொண்ட கண்டக்டர்தான், மழைக்காலம் முடிவதற்குள் டீச்சரின் ஆளாகிவிட்டார். எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாப்பா, வண்டி காசிக்குப் போவுதா?" என்று உரக்கக் கேட்பார். ஒரு நாள் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரப் பையோடு கிளம்பிய ஒருவர் இதைக் கேட்டுப் பதறி, கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "பெரியவரே, விழுப்புரந்தான், விழுப்புரந்தான்" என்று கத்தினார். அவர் நம்பவில்லை. கையைக் கையை ஆட்டி, 'நீ போ, உன் சங்காத்தமே வேண்டாம்' என்பது போல வழியனுப்பி வைத்தார்.

அதே நாள்தான் அது நடந்தது. யாழினிக்குப் பசி. நான் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்தேன். டீச்சர் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். நிதானமாக உரித்தார். பழத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். தோலைக் கையில் வைத்துக்கொண்டு, புருவத்தை ஏற்றி, "ஆகா" என்று ஒரு கடி கடித்தார்.

யாழினியின் முகம் சிவந்தது. செருப்பைக் கையில் மாட்டியபோது பொறுத்தாள், பென்சிலைத் தின்றபோது பொறுத்தாள். இது அவளுடைய பழம். கன்னம் உப்பியது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு ஏதோ தள்ளியது.

"ப்பு!"

பஸ்சே திரும்பிப் பார்த்தது. தப்பு என்ற சொல்லின் வால் அது. தலை இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் மகள் முதல்முதலாகச் சொன்ன சொல் அதுதான். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. டீச்சர் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தார்.

"ப்பு!"

விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் அந்தத் தோலைக் காம்போடு தின்று முடித்துவிட்டார். ஒவ்வொரு கடிக்கும் ஒரு 'ப்பு'. கடைசியில் பழம் கைப்பைக்குள் நசுங்கி, அவருடைய போனெல்லாம் பழமாகிவிட்டது. மறுநாள் வயிறு சரியில்லை என்று லீவு போட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தவருக்கு ப்பு. பனமலைக் கோயிலில் தேங்காயை இரண்டாம் தடவை தட்டிய அர்ச்சகருக்கு ப்பு. நாய் மூன்று காலில் நடந்தால் அதற்கும் ப்பு. என் நாத்தனார் ஒரு விசேஷத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் நிதானமாக ஒரு ப்பு. அதைக் கேட்டு நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு மறுபடி பேச ஆரம்பித்தார். அதில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

மற்ற சொற்கள் லேசில் வரவில்லை. 'ண்ணி' வந்தது, 'ம்மா' வந்தது. வந்தவை சில நாள் காணாமல் போயின. ஒரு வாரம் எதுவுமே வராமல், பழைய 'ம்' மட்டும் மிஞ்சியது. அன்று பயிற்சி முடிந்து நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தண்ணி குடிங்கக்கா" என்று டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியில் தண்ணீரை ஊற்றினார். அத்தனையும் என் சேலையில் வழிந்தது.

"தப்பு டீச்சர், தப்பு!" என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டே சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து யாழினியும் சிரித்தாள். கீழே கண்ணாடிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் சரி, பால் விஷயம் மட்டும் நகரவே இல்லை. டீச்சர் டம்ளரில் பாலை ஊற்றி அவள் முன் நீட்டுவார். யாழினி டீச்சரின் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு புருவமும் ஏறியிருக்கும். உடனே இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். விளையாட்டு என்று தெரிந்துவிட்டது. நான் நீட்டினாலும் சிரிப்பு, அவள் அப்பா நீட்டினாலும் சிரிப்பு. வெளியாள் யாரையாவது விட்டு நீட்டச் சொன்னால் சிரிக்க மாட்டாள். ஆனால் வாயையும் திறக்க மாட்டாள். திரும்பி என்னைத் தேடுவாள். நான் கண்ணில் பட்டதும் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். 'அம்மா பார்த்துக்கொள்வாள்' என்று அவளுக்கு ஒரு தைரியம்.

"என் நடிப்பு அவளுக்குத் தெரிஞ்சிபோச்சிக்கா. நெஜமா யாராவது தப்பு பண்ணாத்தான் தெரியும். அதுக்காக நெஜமா பண்ண முடியுமா?" என்றார் டீச்சர். அவர் சோர்ந்துபோய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோடைக்காலம் வந்துவிட்டது. ஜூனுக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு டீச்சரும் ஓசூர் போய்விடுவார். பத்திரிகையைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கே வந்தவர், அதை எங்கள் மாட்டிடம் நீட்டினார். யாழினி 'ப்பு' சொல்லி, பிடுங்கி, என்னிடம் கொடுத்தாள். மாடு நக்கியதில் மாப்பிள்ளை பெயர் பாதி அழிந்துவிட்டது.

திண்டிவனத்தில் கல்யாண மண்டபம். போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்கு ஒரே யோசனை. "தாலி கட்டும்போது டீச்சரு இன்னா பண்ணுவாங்கன்ற? மாப்பிள்ள கழுத்துல இவங்க கட்டிடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் பயம்தான். அந்த மாமியார் வீட்டுக்கு இவரைப் பற்றி எவ்வளவு தெரியுமோ?

ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மாலையைக் கழுத்தில்தான் போட்டார். வலது காலை முன்வைத்து, அக்கினியைச் சரியாகச் சுற்றி, மாமனார் மாமியார் காலில் விழுந்து எழுந்தார். முன்வரிசை நாற்காலியில் ஏறி நின்று 'ப்பு' சொல்லத் தயாராக இருந்த யாழினிக்கு முகமே விழுந்துவிட்டது. இந்த டீச்சரை அவளுக்குத் தெரியாது. எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது. நம் டீச்சரை யாரோ சரிசெய்துவிட்டார்கள் என்று தோன்றியது.

சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்கப் போனோம். பிள்ளை அப்பாவோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், என்னோடு இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். கல்யாண வீட்டில் பிள்ளைகள் இப்படித்தான் தொலைவார்கள். இலை போட்ட பிறகு அவர் தனியாக வந்து உட்கார்வதைப் பார்த்து, எழுந்து ஓடினேன்.

மணப்பெண் அறை வாசலில் ஒரே கூட்டம். உள்ளே பால்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தைப் பிசைந்து, சர்க்கரை போட்டு, பால் ஊற்றி வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி ஊட்டுவார்களே, அதுதான். கூட்டத்தின் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். யாழினி டீச்சரின் மடியில் பட்டுச்சேலை மேல் உட்கார்ந்திருந்தாள்.

யாரோ ஒரு அம்மா, "அந்தக் கொழந்தைக்கும் ஒரு வாய் குடும்மா, பொண்ணு கையால குடுத்தா நல்லது" என்றார்.

டீச்சர் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டார். ஓரமாக அவருடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். டீச்சரின் கண் அம்மாவின் மேலேயே இருந்தது. கை தானாகக் கரண்டியை எடுத்து, கிண்ணத்தில் தோய்த்து, மடியிலிருந்த பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனது.

புருவம் ஏறவில்லை. உதட்டோரத்தில் சிரிப்பு இல்லை.

நான் கத்த வேண்டும். பாலு, வேணாம், டீச்சர், எதையாவது கத்த வேண்டும். மூளைக்குத் தெரிந்தது, வாய்க்கு வழி தெரியவில்லை. கூட்டத்தை இடித்தேன். முன்னால் நின்ற அம்மா, "தள்ளாத, எல்லாருக்கும் உண்டு" என்றார்.

யாழினி கரண்டியைப் பார்த்தாள். பழம் அவளுக்கு உயிர். ஆனால் பால் கேன்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்குப் பால் வாசனை தெரியாதா? டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைத் தேடினாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள். அத்தனை பட்டுச்சேலைக்கு நடுவே நான் அவள் கண்ணில் படவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துத் தள்ளினாள்.

"தப்பு!"

தலையும் வாலுமாக, முழுசாக வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னாள்.

"பாலு."

அறையே கொல்லென்று சிரித்தது. "பொண்ணயே தப்புன்னுதுடி, இது யாரு வீட்டுப் பிள்ள?" என்றது ஒரு குரல். டீச்சரின் கையிலிருந்த கரண்டி நழுவிப் பட்டுச்சேலையில் விழுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. யாழினியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"பாலு தப்பு."

டீச்சர் அழ ஆரம்பித்தார். கண்மை கன்னத்தில் இறங்கி, முகம் பூராவும் கோடு கோடாக ஓடியது. மாப்பிள்ளை பயந்துபோய்க் கைக்குட்டையை நீட்டினார். டீச்சர் அதை வாங்கி யாழினியின் உதட்டைத் துடைத்தார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மறுபடி துடைத்தார்.

எப்படியோ உள்ளே நுழைந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார். "அக்கா, நெஜமாவே தப்பு பண்ணிட்டேன்க்கா. பாலுன்றதே மறந்துபோச்சி."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. நாத்தனாரின் கிண்ணத்தைத் தட்டிவிட்டவள் நான். ஆனால் அந்தக் கோடு விழுந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரியம்தான் பொங்கியது.

"நீங்க சரியா பண்ணியிருந்தா அவ எதுக்கு டீச்சர் வாயத் தொறக்கப் போறா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். "தன் கல்யாணத்தன்னிக்கே பரிச்ச வச்சாங்கய்யா அந்த டீச்சரு!" என்று பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் திருத்துவதில்லை.

ஜூனில் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். முதல் வாரத்திலேயே பெரிய டீச்சரம்மா கூப்பிட்டு அனுப்பினார். போட்டது போட்டபடி ஓடினேன். ஒரு பையனுக்குப் பிறந்தநாளாம். வகுப்பில் எல்லோருக்கும் பால் சாக்லேட் கொடுத்திருக்கிறான். யாழினி வாங்கி மோந்து பார்த்து, "தப்பு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? வரிசையாகப் போய் எல்லாப் பிள்ளைகளின் கையிலிருந்தும் பிடுங்கி, "தப்பு, தப்பு" என்று டப்பாவிலேயே போட்டுவிட்டாள். பிறந்தநாள் பையன் அழுதுகொண்டு நின்றான்.

"இன்னாம்மா இது?" என்றார் பெரிய டீச்சரம்மா.

எனக்கு அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரியும். சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓசூருக்குப் போன் போட்டேன். டீச்சர் குரல்தான். "இங்க யாரும் இல்லீங்க, வீடு பூட்டியிருக்குது" என்றது. நான் போனை யாழினியிடம் கொடுத்தேன்.

"யாரு பேசறது?" என்றது போன்.

யாழினி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மெதுவாக அவளுடைய இரண்டு புருவமும் மேலே ஏறின. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது.

"பஸ்சு" என்றாள்.

நான் குனிந்து போனோடு காதை ஒட்டிக் கேட்டேன். அந்தப் பக்கத்தில் டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரல் நடுங்க, "தப்பு" என்றார்.